3 செ.மீ. ஆழத் தட்டில் ஃபைகஸ்: மண் கலவை குறித்து என் அனுபவம்
ஆழமான தொட்டியில் ஆறு ஆண்டுகள் செழித்திருந்த ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இன) மரத்தை, போன்சாயாக, அதாவது தட்டில் வளரும் குறுமரமாக, 3 செ.மீ. மட்டுமே ஆழமுள்ள நீள்வட்டத் தட்டுக்கு மாற்றியபோது, மரத்துக்குப் பழகிய மண்தானே என்று அதே தோட்ட மண்ணும் மட்கும் கலந்த கலவையையே நிரப்பினேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. மேல்மண் காய்ந்து தெரிந்ததால் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றினேன். கடைசியில் மரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, அடிமண் கறுத்த சேறாகத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது; சாக்கடை வாடை அடித்தது. ஒரு நுனி வேரை இரு விரலால் பற்றி மெல்ல இழுத்தேன். தோல் உறைபோலக் கழன்று கையோடு வர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது.

ஊற்றிய நீர் வடிந்த பிறகும், நுண்புழை ஈர்ப்பினால் (துகள்களின் நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்துவைப்பதால்) தொட்டியின் அடியில் ஓரளவு நீர் தங்கிவிடுகிறது. அது எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது மண் துகளின் பருமனே தவிர, தொட்டியின் ஆழம் அன்று. ஒரே கலவையில் 2 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கிறது என்று கொண்டால், 15 செ.மீ. தொட்டியில் அது பொருட்டே இல்லை, 3 செ.மீ. தட்டிலோ வேர் மூச்சுவிட 1 செ.மீ. மட்டுமே எஞ்சும். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்துச் சொட்டுவது நின்றபின் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள், உயரம் கூடியதால் மீண்டும் நீர் ஒழுகும். அடியில் கூழாங்கல் பரப்புவதும் இங்கே உதவாது. தேங்கும் நீர் அந்த அடுக்குக்கு மேலே ஏறி நிற்குமே தவிரக் குறையாது.

அழுகிய வேர்களை வெட்டி நீக்கிவிட்டு, அகாடாமா (ஜப்பானியக் களிமண் குருணை), பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல் மூன்றையும் சம அளவில் எடுத்து, 3 முதல் 5 மி.மீ. துகள்களை மட்டும் சலித்து வைத்துக்கொண்டு மீண்டும் நட்டேன். தூசியை முழுமையாக நீக்குவதுதான் இதில் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. துகள்களின் இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டால் விலையுயர்ந்த கலவையும் சேறுதான். ஆழம் குறைவாதலால் மரம் ஆடாதபடி வடிகால் துளை வழியே கம்பி விட்டு வேர்ப்பந்தைக் கட்டினேன்.

மறுபக்கமும் உண்டு. நண்பர் ஒருவர் அழுகலுக்கு அஞ்சி 8 மி.மீ. துகள்களை மட்டும் இட்டதில், வெயில் காலத்தில் அரை நாளிலேயே தட்டு வறண்டு, அவருடைய ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் வேர் நுனிகள் கருகிவிட்டன. என் தட்டுக்கும் கோடையில் காலை, மாலை இருவேளையும் நீர் வேண்டும். ஈரம் சீக்கிரம் காயாதிருக்க, மேலே நறுக்கிய ஸ்பாக்னம் பாசியை மெல்லியதாகப் பரப்பியிருக்கிறேன்.

அகாடாமா நாளடைவில் நொறுங்கித் தூளாகும் என்பதால், நீர் இறங்கும் வேகத்தைக் கவனித்து வருகிறேன். மழை விடாத நாட்களில் தட்டின் ஒரு விளிம்பின் கீழ் மரச்சட்டம் ஒன்றைச் செருகிச் சாய்த்து வைத்தால், தேங்கிய நீர் தாழ்ந்த ஓரத் துளை வழியே சொட்டுச் சொட்டாக வடிந்துவிடுகிறது.