அரூரில் இயற்கைத் துணி பிராண்டு: நோக்கம் ஆற்றுக்கு மட்டுமா, தைக்கிறவருக்கும் சேர்த்தா?

அரூர்ப் பெண்:
இயற்கைப் பருத்தி, அவுரி, கடுக்காய்ச் சாயம், எங்கள் ஊர்ப் பெண்களின் தையல். இவற்றை வைத்து ஆடை பிராண்டு தொடங்குகிறேன். பெங்களூரில் விற்க எண்ணம், சட்டை 1,800 ரூபாய் வரும். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்த பிறகுதான் 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தென்பெண்ணைக்கு அந்தக் கதி வேண்டாம்.

ஓசூர்த் தையல்:
அக்கா, ஆற்றுக்கு இவ்வளவு சொன்னீங்க, தைக்கிறவருக்கு ஒரு சொல்தான். நான் ஓசூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் லைனில் தைத்தவள். பசுமை டேக் போட்ட சட்டையும் அதே டார்கெட்டில், அதே சம்பளத்துக்குத்தான் தைத்தோம். உங்கள் 1,800-இல் தையல் கூலி எவ்வளவு?

அரூர்ப் பெண்:
நியாயமான கூலி தருவேன். கோட்ஸ் (GOTS) என்ற, இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகத் தரச் சான்றிதழும் வாங்கப் போகிறேன். அதில் தொழிலாளர் நிலைக்கும் விதிகள் உண்டு. 'ஆர்கானிக்' என்று போட குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இயற்கை வேளாண் இழை வேண்டும்.

கிருஷ்ணகிரிச் சாயக்காரர்:
சாயத்தில் கொஞ்சம் கவனம், அம்மா. அவுரிக்கு நிறமூன்றி, அதாவது சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் பொருள், தேவையில்லை, தொட்டியில் புளிக்க வைத்து முக்கினால் போதும். மஞ்சிட்டிச் சிவப்புக்குப் படிகாரம் வேண்டும். அதுவரை பரவாயில்லை. நிறம் கெட்டியாகட்டும் என்று மயில்துத்தமோ (செம்பு உப்பு) குரோமியமோ போட்டால், பெயர்தான் இயற்கைச் சாயம். கிணற்றில் இறங்குவது விஷம். எந்தச் சான்றிதழ் வாங்கினாலும், தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்களே நின்று பாருங்கள்.

ஓசூர்த் தையல்:
சான்றிதழ்க்காரர் எப்போதாவதுதான் வருவார். நாங்கள் தினமும் இருப்போம். சிட்லிங்கியைப் பாருங்கள், உங்கள் பக்கம்தான். மறந்துபோய்க்கொண்டிருந்த கைத்தையலை லம்பாடிப் பெண்கள் மீட்டு, பொர்கை என்று சங்கம் வைத்து விற்கிறார்கள். தைக்கிறவர்களே உறுப்பினர்கள். நியாயமான கூலி என்று ஒருவர் தருவதும், கணக்கைத் தானே பார்ப்பதும் ஒன்றா?

அரூர்ப் பெண்:
சங்கமாகத் தொடங்கினால் முதல் போட யார் வருவார்? என் நகையை வைத்துத்தான் மெஷின் வாங்குகிறேன். நஷ்டம் வந்தால் அது என் தலையில். அப்புறம் கணக்கை எல்லோர் முன்னாலும் விரிக்கச் சொல்வது சரியா?

ஓசூர்த் தையல்:
உங்கள் நகை போவது எனக்கும் வலிக்கும் அக்கா. ஆனால் ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது நாங்கள், அதுவும் நஷ்டம்தான். முதலீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். துணி, சாயம், தையல், கடைக்காரர் கமிஷன் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று டேக்கில் அச்சடியுங்கள். பருத்தி எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குகிறவர், தைத்தவளுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்கட்டும்.

அரூர்ப் பெண்:
கமிஷனை அச்சடித்தால் பெங்களூரில் எந்தக் கடை சரக்கை எடுக்கும்? தையல் கூலியை மட்டும் போடுகிறேன். அந்தத் தொகையைத் தைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் வைப்பேன். கமிஷன் விஷயத்தில் இப்போதைக்கு என் பதில் 'இல்லை'.

ஓசூர்த் தையல்:
கூலியைப் பேசி வைப்பீங்க என்றால் சந்தோஷம். கமிஷனை நான் விடப் போவதில்லை. எங்கள் கூலி குறைவதே அந்த இடத்தில்தான்.