என்.எம்.எம்.எஸ். பழைய வினாத்தாள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லித் தருகிறேன். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். கூலிக்குப் போகிற வீட்டுக்கு அது பெரிய காசு.

பாடத்தில் பிள்ளைகள் கெட்டி. மனத்திறன் தாள்தான் இடிக்கிறது, 90 நிமிடத்தில் 90 கேள்வி. விடையைச் சொன்னால் மட்டும் விடமாட்டேன், மற்ற மூன்றும் ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் தெரியும் கடிகாரக் கணக்குக்குத் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எண் தொடரில்தான் இன்னும் திணறல்.

தமிழ் வழிப் பழைய வினாத்தாள்கள், விடைக்கு வட்டத்தைக் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். மாதிரித் தாள்கள் இருந்தால் கொடுங்கள். மதுரைக்குள் எங்கே என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், சனிக்கிழமை ஒரு மணி நேரம் எண் தொடர் எடுக்க யாராவது வர முடியுமா?