கொடைக்கானல் குளிரில் கோல்ஃப் ஆடியவர்கள் உதவுங்கள்

வணக்கம். மதுரைக்காரன், லீவு கிடைத்தால் கோல்ஃப் ஆடுபவன். போன ஜனவரியில் கொடைக்கானலில் காலை ஏழு மணிக்கே மைதானத்தில் இறங்கினேன். விரல் மரத்து, மட்டை கையில் இருப்பதே தெரியவில்லை. மே மாதம் அங்கேயே ஏழாம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) அடித்தால் 140 கஜம் போன பந்து, இப்போது 130ஐத் தாண்டவில்லை. குளிரில் பந்து இறுகிவிடும், காற்றும் அடர்த்தியாகும், சரி. அதே ஜனவரியில் டிவியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் துபாய் வெயிலில் அரைக்கைச் சட்டையோடு விளாசுகிறார்கள். வயிறு எரிகிறது!

பந்தைச் சூடாக்கி அடிப்பது விதிப்படி தப்பு. அதனால் இன்னும் கொஞ்சம் தூரம் அடிக்கும் ஆறாம் நம்பர் மட்டைக்கு மாறிவிடலாமா? மென்மையான பந்து ஏதாவது உதவுமா? அப்புறம், பிடி நழுவாத குளிர் கையுறை எங்கே கிடைக்கும்? மதுரைக் கடைகளில் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். வரும் பொங்கல் லீவுக்கு மறுபடி மலையேறுகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.