ஜெர்மன் ஏ1: வரிசை எண்ல ஒரு டவுட், ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) படிச்சிட்டு இருக்கேன், முதலாவது ரெண்டாவதுன்னு சொல்ற பாடத்துல யாராச்சும் கை குடுங்க. எண்ணை மாத்துறது ஓகே, 19 வரைக்கும் கடைசில 'டெ' சேரும் (ஃபியர்னா நாலு, ஃபியர்ட்டெனா நாலாவது), 20ல இருந்து 'ஸ்டெ', அதாவது ட்ஸ்வான்ஸிஷ்ஸ்டெ. ஏர்ஸ்டெ, ட்ரிட்டெ, ஸீப்டெ, ஆஹ்டெ (1, 3, 7, 8ஆவது) இந்த நாலும் தனி ரகம், மனப்பாடமே பண்ணிட்டேன். எழுதும்போது எண்ணுக்குப் பின்னாடி ஒரு புள்ளி வச்சாலே போதும்ங்கறது ரொம்ப பிடிச்சிருக்கு.

சிக்கல் வாக்கியத்துல தான் வருது. 1990ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணா சேர்ந்த அக்டோபர் 3ஐயே எடுத்துக்கங்க, 'இன்னைக்கு அக்டோபர் 3'னா 'ஹாய்ட்டெ இஸ்ட் டெர் ட்ரிட்டெ ஒக்டோபர்', அதே 'அக்டோபர் 3 அன்னைக்கு'ன்னா 'அம் ட்ரிட்டன் ஒக்டோபர்', அது டேட்டிவ் (வேற்றுமைகள்ல ஒண்ணு, 'அம்' வந்தா இதுதான்), சரி புரியுது, ஆனா 'டெர் ஏர்ஸ்டெ டாக்' (முதல் நாள்), 'மைன் ஏர்ஸ்டர் டாக்' (என்னோட முதல் நாள்) ரெண்டுமே நாமினேட்டிவ் (எழுவாய் வேற்றுமை) தானே, அப்புறம் ஏன் ஒண்ணுல 'டெ', இன்னொண்ணுல 'டர்'? 'டெர்' வந்தா ஆண்பால்னு அதுலயே தெரிஞ்சிடுது, 'மைன்'ல தெரியாது, அதனால அந்த 'ர்' எண்ணோட வாலுக்குப் போகுதுன்னு நினைக்கிறேன், இது சரியா? 'டாஸ்' வர்ற (ஆண்பாலும் பெண்பாலும் இல்லாத) சொற்களுக்கும் இதே கணக்கு தானா? பேசும்போது யோசிக்காம தானா வர்றதுக்கு நீங்க என்ன பயிற்சி பண்ணீங்கன்னும் சொல்லுங்க ப்ளீஸ், தேதி சொல்லணும்னாலே அந்த வால்ல தான் நின்னுடுது.