2003 லெக்ஸஸ் எல்எக்ஸ் 470: முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேள்வி (ஷார்ஜா):
வணக்கம். எங்கள் முதலாளி ஊருக்கே திரும்பிப் போனபோது தன் எல்எக்ஸ் 470-ஐக் குறைந்த விலைக்கு எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வருடம் நான் ஓட்டிய வண்டி, அதனால் விட மனசு வரவில்லை. 2,80,000 கி.மீ. ஆகிவிட்டது. சர்வீஸ் எல்லாம் ஆபீஸில் பார்த்துக்கொண்டார்கள், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) மாற்றியதற்கு ஒரு பில்லும் இல்லை. இப்போது வேகத்தடையில் ஏறினால் இடுப்பு வரை குத்துகிறது. ஒரு கேரேஜில் ஏஹெச்சி-யை (ஆயில் அழுத்தத்தால் வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன்) கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போடச் சொல்கிறார்கள். கையில் இருப்பது ஒரு வேலைக்குத்தான் போதும். எதை முதலில் செய்ய?

பதில் 1 (அபுதாபி):
தம்பி, பெல்ட்தான் முதலில். இந்த 4.7 லிட்டர் வி8-க்குச் செயின் கிடையாது, பெல்ட். 90,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 1,45,000 கி.மீ.க்கு மாற்ற வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் பம்ப், டென்ஷனர், புல்லி எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலியை இரண்டு தடவை கொடுக்க வேண்டி வரும்.

அப்புறம், இன்றைக்கே பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்டர் ஹோஸில் டி வடிவத்தில் இரண்டு பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். என் வண்டியில் ஜூலை மாதம் அல் ஐன் ரோட்டில் அது உடைந்து கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போனது. மிச்சம் இருந்ததை விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. விலை அற்பம், ஆனால் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30 போதும்.

பதில் 2 (துபாய்):
ஏஹெச்சி-யைக் கழற்ற அவசரப்படாதீர்கள். அதன் ஆயில் ரிசர்வாயரில் கோடுகள் இருக்கும். வண்டியை லோ-வில் (தாழ்ந்த உயரத்தில்) வைத்து ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஹை-க்கு ஏற்றி மறுபடி பாருங்கள். 14 கோடு பக்கம் இறங்கினால் நைட்ரஜன் ஸ்பியர்கள் (அதிர்வைத் தாங்கும் வாயு உருண்டைகள்) நல்ல நிலையில் இருக்கின்றன, 7-க்கும் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். எடையில் பெரும்பகுதியை முன்னால் டார்ஷன் பாரும் (முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் கம்பி) பின்னால் காயில் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாரமும் ஏஹெச்சி தலையில் விழுந்து, பிரஷர் ஏறி, நீங்கள் சொல்கிற மாதிரி குத்தும். பின் ஸ்பிரிங்கை மாற்றி டார்ஷன் பாரைச் சரிசெய்தாலே பல வண்டிகள் பழையபடி மிதக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு (எஞ்சின் சக்தியைச் சக்கரங்கள் பக்கம் கொண்டுபோகும் தண்டு) கிரீஸ் அடிக்கவும் மறக்காதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு டி-யும் பழுப்பேறி, ஒன்றில் முடி கனத்துக்கு விரிசல். பார்ட் வாங்கிவிட்டேன், மாற்றும் வரை வண்டியை எடுக்கப் போவதில்லை. பெல்ட் வேலைக்கு வெள்ளிக்கிழமை விடுகிறேன். கோடு கணக்கு 11 வந்தது, அதனால் ஏஹெச்சி இருக்கட்டும்.