திடீர் மனக்குழப்பம்: நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையில் இருக்கும் பெரியம்மாவுக்கு 79 வயது. இரண்டு நாளாக ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார். பகலெல்லாம் மயக்கத் தூக்கம், ராத்திரி முழுக்கப் புலம்பல். மறதி நோய் இவ்வளவு வேகமாக வராது. இது டெலிரியம், அதாவது உடம்பில் வேறெங்கோ உள்ள கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம். மனநல மருத்துவரிடம் போகச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். காய்ச்சல், வாய்க்கோணல், கை கால் பலவீனம் எதுவும் இல்லை. சர்க்கரை 112, ஆக்சிஜன் 97. ரத்தத்தில் சோடியம் உப்புதான் 121, இயல்பு 135 முதல் 145. பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது, அது சோடியத்தை இறக்கும். நிறுத்திவிட்டார்கள்.

குறைந்ததை அவசரமாக ஏற்றினால் மூளைத் தண்டு சேதமாகும். 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்க்க வேண்டும். அதற்கு நள்ளிரவிலும் 4 முதல் 6 மணிக்கொருமுறை ரத்தம் எடுத்து உடனே ரிசல்ட் தரும் லேப், ஐசியூ இரண்டும் வேண்டும்; இங்கே இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்று உண்டா என்று பார்க்கும் யூரின் கல்ச்சரும் தலை சிடி ஸ்கேனும் பாக்கி. யாரும் பார்க்காதபோது விழுந்திருந்தால் மூளை உறைக்கடியில் ரத்தம் கசிந்திருக்கலாம்.

இந்த வசதிகளோடு முதியோர் நல மருத்துவரும் உள்ள இடம் எது? தமிழ் பேசும் டாக்டர் என்றால் நல்லது. பெரியம்மாவுக்கு மலையாளம் புரியும். ஆனால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிக் கவனத்தைச் சோதிக்கும்போது தாய்மொழியில் கேட்டால்தான் விடையை நம்பலாம். ராத்திரி கூட ஒருவர் தங்க விடுவார்களா என்பதையும் சொல்லுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் கட்டிப்போடவோ தூக்க ஊசி போடவோ தேவை குறையும்.

இன்று மாலைக்குள் மாற்ற வேண்டும்.