பவுடர் ஊசி நுரைத்துவிட்டது, போடலாமா? (அவசரம்)

ஆற்றங்கரை, குழித்துறை: மகனுக்கு ராத்திரி போடுகிற பவுடர் ஊசி. இன்றைக்குப் புதுக் குப்பி. தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கிவிட்டேன், மேலே ஒரே நுரை. சாயங்காலத்திலிருந்து கரண்டும் இல்லை. போடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரப்பர்பால்: என்ன ஊசி? என்ன தண்ணீர்? பையனுக்கு என்ன வயது?

தக்கலை62: கரண்ட் போனதுதான் காரணம். சூட்டில் கெட்டுப்போன மருந்துதான் நுரைக்கும்.

ஆற்றங்கரை: வளர்ச்சி ஹார்மோன். வயது 9. பெட்டியோடு வந்த தண்ணீர்தான்.

பழைய கம்பவுண்டர்: சூடு இல்லை, குலுக்கியதுதான் காரணம். பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள் கடலை பொதிய அல்ல, வாசிக்க. தண்ணீரைக் குப்பியின் சுவரோரமாக மெல்ல இறக்கி, லேசாகச் சுழற்ற வேண்டும். அந்த ஹார்மோன் 191 அமினோ அமிலம் கோத்து மடிந்த புரதச் சங்கிலி. மடிப்புக் கலைந்தால் வேலைக்காகாது. இப்போது நிமிர்த்தி வைத்து, நுரை அடங்கியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கலங்கலோ துகளோ இருந்தால் போடக் கூடாது. தெளிந்திருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு நாள் தவறினால் குடி முழுகாது. அதற்காக நாளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

ரப்பர்பால்: எல்லாம் சரி அண்ணாச்சி, பதறுகிற ஆளிடம் அந்தக் கடலைப் பேச்சு எதுக்கு? அப்புறம், கூட வந்த தண்ணீரில் பென்சைல் ஆல்கஹால் மாதிரி கிருமி வளராத மருந்து சேர்ந்திருந்தால்தான் கலக்கியதைப் பல நாள் வைக்கலாம். எத்தனை நாள் என்பது தாளில் இருக்கும். கலக்கிய தேதியைக் குப்பியில் எழுதுங்கள்.

சுங்கான்கடை: கரண்ட் இல்லையென்றால் எங்கள் ஊர் மண்பானை போதுமே மக்கா. ஈர மணலில் வைத்தால் ஜில்லென்றிருக்கும்.

பழைய கம்பவுண்டர்: குடிதண்ணீர் ஜில்லென்றிருக்கும். இதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பானை அந்த அளவுக்கு இறங்காது.

தக்கலை62: அப்படியானால் ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டியதுதானே?

ரப்பர்பால்: ஐயோ, உறைந்தால் கெட்டது. ஐஸ் பொட்டலத்தை ஒட்டிக்கூட வைக்காதீர்கள், நடுவில் ஒரு துணியைச் சுற்றுங்கள்.

சுங்கான்கடை: எங்கள் பானையைக் குறைத்துப் பேச வேண்டாம். பாட்டி காலத்து மோர் இரண்டு நாள் புளிக்காது.

பழைய கம்பவுண்டர்: மோரை யாரும் ஊசியில் ஏற்றுவதில்லை.

மார்த்தாண்டம் ஜிம்: ஆன்லைனில் ஒரு பெப்டைடு (குட்டிப் புரதச் சங்கிலி) பவுடர் வாங்கினேன், லேபிள் இல்லை. அதையும் இப்படியே சுழற்றினால் போதுமா?

ரப்பர்பால்: உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாததைச் சுழற்றி என்ன ஆகப் போகிறது? போடாதே தம்பி.

ஆற்றங்கரை: நுரை அடங்கிவிட்டது. அடியில் வெள்ளையாக நூல் மாதிரி கிடக்கிறது. டாக்டரிடம் பேசினேன், போட வேண்டாம் என்றார். காலையில் குப்பியோடு போகிறேன். கரண்ட் வந்துவிட்டது. நன்றி.

தக்கலை62: ஃப்ரிட்ஜில் மீதிக் குப்பிகள் இருக்கிறதா? கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லை?